பல்கர் அண்ணையும் பாறைக் குதிரைக்காரனும்

யுத்தம் முடிந்த வருடம் ரொறன்ரோவில் இருந்த இலங்கைத் தமிழர் அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். கோயிலில் அதுதான், கடையில் அதுதான், பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து குந்தினாலும் அதுதான். ஒரே ஒரு மனிதர் மட்டும் ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் காணாமல் போன ஒரு குதிரைக் கூட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். அவரைவிடப் பிடிவாதமான தமிழர் கனடாவில் இறங்கியதே இல்லை. இறங்கியிருந்தாலும், அவரோடு அரை மணித்தியாலம் கதைத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏறித் திரும்பிப் போயிருப்பார்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் பாவித்ததில்லை. எல்லோருக்கும் அவர் பல்கர் அண்ணை. பல்கர் என்பது ஒரு பழைய இனம். ஆசியாவின் புல்வெளிகளில் எங்கேயோ இருந்து குதிரையில் புறப்பட்டு, டான்யூப் ஆற்றைக் கடந்து வந்து, பல்கேரியா என்ற நாட்டுக்குத் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, சொந்த மொழியை மறந்து, அங்கே இருந்த சனத்துக்குள் கரைந்து போனவர்கள். அவர்கள் துருக்கி இனமா, ஈரானிய இனமா என்று படித்தவர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். படிக்காதவர்கள் அடிபட்ட இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஸ்காபரோவில் நாங்கள் வேலை செய்த, பாண் சுடும் தொழிற்சாலை.

நான் அப்போது அங்கேயே மல்வேர்ன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலமட்டத்துக்குக் கீழே, இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பு, பாங்கொக், பெயர் மறந்த இன்னும் சில ஊர்கள் என்று தரையில் படுத்தெழும்பி வந்தவனுக்கு அது நல்ல இடம். யன்னல் இருந்தது. யன்னலால் பார்த்தால் பனி தெரியும். இரண்டு அறை. மற்ற அறையில் பல்கர் அண்ணை. நான் என் பையைக் கீழே வைத்த அன்று அவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. தேத்தண்ணி கலக்கிக்கொண்டே கேட்டார்:

"தம்பி, ஒரு பாறையில குதிரைக்காரன் ஒருத்தனைச் செதுக்கியிருக்கு. குதிரையின்ரை காலுக்குக் கீழ சிங்கம் விழுந்து கிடக்குது. என்ன விளங்குது உமக்கு?"

"சிங்கம் செத்துப்போச்செண்டு விளங்குது அண்ணை."

"சரி. ஆர் கொண்டது?"

"குதிரையில இருக்கிறவன்."

"அவன் ஆர்?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"அதுதான் கேள்வி," என்று சொல்லி ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியோடுதான் நான் குடியிருந்தேன்.

அவருக்கு வன்னியில் ஒரு தங்கச்சி. வேறு யாருமில்லை. மாசி மாதம் வரை எங்கிருந்தாவது ஒரு நிமிடம் போன் எடுத்துக் குரல் காட்டிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கார அன்ரிதான் சொன்னார். போன் மட்டும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குவளை மாதிரி, எப்போதும் இருக்கும். குளிக்கப் போனால் என்னிடம் தந்துவிட்டுப் போவார். "அடிச்சா கதவில தட்டும்" என்பார். அது அடிக்காது. நான் திருப்பிக் கொடுப்பேன். அவர் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே பல்கர்கள் டான்யூப்பை எந்த இடத்தில் கடந்தார்கள் என்பதில் விட்ட இடத்தில் தொடங்குவார்.

வீட்டுக்கார அன்ரி தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். நாங்கள் வேலை செய்த அதே தொழிற்சாலையில் பாண் பொதி செய்கிறவர். எங்கள் இருவருக்கும் வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். ஆனால் தொடக்கத்தில் பல்கர் அண்ணையை வீட்டைவிட்டு எழுப்புவதாகவே இருந்தார். காரணம் இதுதான். ஒரு மாலை அண்ணை எனக்கு உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார்:

"தம்பி, பல்கர் ஆரெண்டு அறியவேணுமெண்டா முதல்ல பல்கரின்ரை குறியைப் பாக்கவேணும். அதைப் பாத்தா எல்லாம் வெளிச்சிடும்!"

மேலே படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது. பிறகு வந்ததைவிட வேகமாக மேலே போனது. மறுநாள் அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உந்த மனுசன் கீழ உம்மோட என்ன கதைக்கிறவர்?"

"பழைய சரித்திரம் அன்ரி."

"சரித்திரமோ? என்ரை காதால கேட்டனான். வல்கர், வல்கர் எண்டு ஆயிரம் தரம். பேந்து... மற்றது. அதை நான் வாயால சொல்லமாட்டன்."

"எது அன்ரி?"

"அதுதான் தம்பி. உம்மைப் பாக்கச் சொல்லிக் கேட்டவரெல்லோ."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. "ஐயோ அன்ரி! குறி எண்டா மாட்டுக்குச் சுடுற குறி!"

"மாட்டையுமோ!" என்று அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசியில் அண்ணையே மேலே போய் விளக்கினார். பல்கர் என்பது ஒரு சாதிச் சனம் என்றார். பழைய லத்தீன்காரர் அவர்களை வல்கர் என்றுதான் எழுதிவைத்தார்கள், ஆகவே அன்ரியின் காதில் பிழையில்லை என்றார். அவர்கள் கல்லில் வெட்டிவைத்த அடையாளங்கள், வன்னியில் மாட்டின் தொடையில் சுடுகிற குறி மாதிரியே இருக்கும் என்றார். கம்பியை எப்படிக் காய்ச்சுவது, மாட்டை எப்படி விழுத்துவது, எந்தக் குடும்பத்துக்கு என்ன குறி, புல்வெளிக் குதிரைகளுக்கு என்ன குறி என்று போய், வெளியே இருட்டிவிட்டது. அன்ரியின் கறி அடிப்பிடித்தது. கீழே இறங்கும்போது அன்ரி என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, வல்கராக் கதைச்சிருந்தாலும் பரவாயில்லை. கெதியா முடிஞ்சிருக்கும்."

அவருக்கு இந்த விசர் எங்கே பிடித்தது என்று நான் ஒருநாள் கேட்டேன். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்ட் அவரைப் பல்கேரியாவில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, சிகரெட் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. அண்ணை அந்த நாட்டில் வருடக் கணக்கில் நின்றுவிட்டார். முதலில் ஒளிந்து, பிறகு ஒரு மாட்டுப் பட்டியில் சாணி அள்ளி. பட்டியில் இருந்து பார்த்தால் மதாரா என்ற இடத்துப் பாறை தெரியும். உயரத்தில் அந்தக் குதிரைக்காரன். குதிரைக்குப் பின்னால் ஒரு நாய் ஓடுகிறது. காலடியில் சிங்கம்.

"எனக்கு அங்க பாஷை தெரியாது. ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. விடிய எழும்பிப் பாத்தா உவன் நிப்பான். பின்னேரமும் நிப்பான். குதிரை ஓடுற மாதிரித்தான் வெட்டியிருக்கு. ஆனா ஒரு அடி நகரேல்லை. என்னைப் போல ஒருத்தன் எண்டு நினைச்சன். பேந்து அவனைப் பற்றி அங்கத்த ஆக்களிட்ட கேக்கிறதுக்காகத்தான் பாஷை பழகினன்."

"அவையள் என்ன சொன்னவை?"

"ஒருத்தன் துருக்கி எண்டான். ஒருத்தன் ஈரான் எண்டான். ரெண்டு பேரும் அடிபட்டாங்கள். நான் பிடிச்சுவிட்டன். அதுதான் தம்பி அந்த ஊரில எனக்கு முதல் கிடைச்ச சிநேகிதம்."

தொழிற்சாலையில் அவருக்குக் கிடைத்த எதிரி மிட்கோ. அடுப்புக்குப் பொறுப்பானவன், பல்கேரியன், மேசைக் கால் மாதிரிக் கைகள். பல்கேரியாவை விட்டு வந்த நாள் முதல் தன் மொழியை வேலைத்தலத்தில் கேளாதவன். ஒருநாள் கறுத்த மெலிந்த மனிதர் ஒருவர் பின்னால் நின்று அவன் மொழியில் காலை வணக்கம் சொன்னதும் மிட்கோ அப்படியே திரும்பி அவரைத் தூக்கிவிட்டான். கண்ணில் தண்ணீர். அண்ணை அந்தரத்தில் தொங்கிக்கொண்டே இரண்டாவது வசனத்தைச் சொன்னார். மிட்கோ அவரைக் கீழே போட்டுவிட்டான்.

"என்ன அண்ணை சொன்னியள்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"உன்ரை மூதாதை துருக்கி இனமெண்டு சொன்னன். அதுக்கு ஏன் போடுறான்?"

ஏன் என்று பிறகு விளங்கியது. துருக்கியர் மிட்கோவின் நாட்டைப் பல நூறு வருடம் ஆண்டவர்கள். அவர்கள் தன் சொந்தக்காரர் என்று சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. ஈரானியர் என்றால் தூரத்தில் இருக்கிறார்கள், அவர்களால் அவனுக்கு ஒரு உபத்திரவமும் இல்லை. "உவன்ரை கோவம் எனக்கு விளங்குது," என்றார் அண்ணை. "ஆனா கல்லுக்குக் கோவம் இல்லையே."

அதன் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் யுத்தம். மா தூவிய மேசைதான் களம். மிட்கோ தடித்த விரலால் மாவில் குதிரையைக் கீறுவான். அரசன் குதிரையில் இருந்து சிங்கத்தைக் குத்துவது பாரசீக அரசர்களின் சித்திரம், அவர்களின் வெள்ளித் தட்டுகளில் பார், இது ஈரான்தான் என்பான். அண்ணை குதிரையை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுத்துகளைக் கீறுவார். சித்திரத்தை எவனும் பார்த்துச் செய்யலாம், பேரை யாரும் பார்த்துச் செய்யமாட்டார்கள், பாறையைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் வெட்டியிருந்தாலும் தலைவர்களைக் கான் என்றுதான் அழைத்தார்கள், வருடங்களுக்கு மிருகங்களின் பெயரை வைத்தார்கள், அதெல்லாம் புல்வெளித் துருக்கியரின் பழக்கம் என்பார். வாதம் பல்கேரிய மொழியில் நடக்கும். எனக்குத் தீர்ப்பு மட்டும் தமிழில் வரும்: "பாத்தீரே தம்பி, உவனுக்கு மறுமொழி இல்லை." மிட்கோ உடனே ஆங்கிலத்தில் என்னிடம் திரும்பி, "இவர் பொய் சொல்கிறார், என்னிடம் பதில் இருக்கிறது" என்பான். தமிழ் தெரியாமலே அவனுக்கு அது மட்டும் எப்படியோ விளங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை எல்லை மீறிவிட்டார். அடுப்புக்குப் போகும் முன் பாணின் முதுகில் பிளேட்டால் கீறுவது அண்ணையின் வேலை. வழக்கமாக மூன்று சரிந்த கோடு. அண்ணை அன்றைக்கு ஒரு வண்டில் பாண் அத்தனையிலும் பல்கரின் குறியைக் கீறி அனுப்பினார். ஆங்கில வை எழுத்தும் இரண்டு பக்கமும் இரண்டு நெட்டுக் கோடும். அடுப்பில் இருந்து அது பொங்கி, வெடித்து, பொன்னிறமாக வெளியே வந்தபோது பொதி செய்யும் இடத்தில் வேலை நின்றுவிட்டது.

"இயேசுவே! கல்வாரி மலை! மூண்டு சிலுவையும் வடிவாத் தெரியுது!" என்றார் அன்ரி.

"என்ன கதைக்கிறியள்? அம்மாளாச்சியின்ரை சூலம் உது," என்றாள் பக்கத்தில் நின்ற பெட்டை.

லொறி ஓட்டும் மன்னார் முஸ்லிம் நானா ஒரு பாணைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இல்லியே. ரெண்டு சுவருக்கு நடுவில நின்டு ஒரு மனுசன் கையேந்தி துஆ கேக்கிறான்."

அண்ணைக்கு வந்ததே கோபம். "ஆளாளுக்கு உங்கட உங்கட சாமியைக் காணுறியள்! உது குதிரைக்குச் சுட்ட குறி!" அடுப்புப் பக்கமிருந்து மிட்கோ, அது ஈரானியச் சூரியன் என்று கத்தினான்.

சூப்பவைசர் வந்தான். அண்ணையைப் பார்த்து, இது உன் வேலையா என்று கேட்டான். அண்ணை தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சூப்பவைசர் அவரை விட்டுவிட்டு, வேறு ஆளைத் தேடிக்கொண்டு போனான். பல்கேரியாவில் 'ஓம்' என்பதற்குத் தலையை அப்படித்தான் ஆட்டுவார்கள். 'இல்லை' என்பதற்கு மேலும் கீழும். மிட்கோவோடு வாதாடும்போது அண்ணைக்கு அந்தத் தலைதான் வரும். மனிதர் உண்மையைத்தான் சொன்னார். பாண்கள் கடைகளுக்குப் போயின. ஒரு கடைக்காரர் அந்த மரப் படம் போட்ட பாண் இன்னும் வேண்டும் என்று கேட்டாராம். அன்ரி ஒரு பாணை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அது பூஞ்சணம் பிடித்த பிறகும் எறிய மனமில்லாமல் வைத்திருந்தார்.

சித்திரையில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, எங்கள் சனம் நகரத்தின் நடுவே தெருவில் இறங்கி நின்றது. நாங்களும் வேலை முடிந்ததும் போவோம். அண்ணை ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கோஷம் போடமாட்டார். ஒருநாள் பக்கத்தில் நின்றவர் தணிந்த குரலில் கேட்டார், "அண்ணை, உங்கட ஆக்கள் ஆரும் வன்னிக்கு உள்ளுக்கு நிக்கினமோ?"

அண்ணை பதாகையைத் தோளில் சாத்தினார். பிறகு பாறையைப் பற்றித் தொடங்கினார். குதிரை, ஈட்டி, காலுக்குக் கீழே சிங்கம். சிங்கம் என்றதும் சுற்றி நின்றவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். இலங்கை அரசின் கொடியில் இருக்கும் சிங்கம்தான் அவர்களின் மனதில்.

"எங்கையண்ணை அந்தப் பாறை? படம் இருக்கோ? பனரில போடுவம்!"

"தம்பியவை, உது அந்தச் சிங்கம் இல்லை."

"எந்தச் சிங்கமெண்டாலென்ன, குத்தினவன் எங்கட ஆள்!"

"எங்கட ஆளில்லை! அவன் துருக்கி இனம். ஆனா ஈரான் எண்டும் ஒரு கட்சி இருக்கு. ரெண்டையும் கேளுங்கோ..."

அவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவ்வளவு சனத்துக்கு நடுவே அண்ணையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குள் அவர் பதாகையோடு நின்றார். திரும்பி வரும் ரயிலில் நான் கேட்டேன், "அண்ணை, பல்கர் ஆராயிருந்தா எங்களுக்கென்ன? இந்த நேரத்தில உது தேவையோ?"

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உதில ஆர் தோத்தாலும் ஒருத்தரும் சாகமாட்டினம் தம்பி. அப்பிடி ஒரு சண்டை எனக்கு வேணும்."

வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். அடுத்த கிழமை, ஒரு மத்தியான இடைவேளையில் அவருடைய போன் அடித்தது.

அண்ணை லொறிகள் வந்து நிற்கும் வெளிப்பக்கத்துக்கு ஓடினார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. நானும் மிட்கோவும் உள்ளே நின்று பார்த்தோம். சத்தம் கேட்காது. அண்ணை போனைக் காதில் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் சுவரைப் பிடித்திருந்தார். பிறகு தலையை மெதுவாக இடமும் வலமுமாக ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார்.

"இல்லை" என்று என் வாய் தமிழில் சொன்னது. அதே நேரம் மிட்கோ என் முதுகில் ஓங்கி அறைந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "உயிரோடு இருக்கிறாள்!" என்றான் ஆங்கிலத்தில். "பார், ஓம் என்கிறார்!"

"இல்லையடா. அது இல்லை என்கிறது."

"எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாளும் என்னோடு அப்படித்தானே ஓம் சொன்னார்?"

"உன்னோடு பல்கேரிய மொழியில் கதைக்கும்போது. இப்போது தமிழில் கதைக்கிறார். தமிழுக்குத் தமிழ்த் தலை."

"தலை ஒன்றுதான். மொழிக்கு மொழி தலை மாறாது!"

கண்ணாடிக்கு அப்பால் ஒரு மனிதர் நிற்க, இந்தப் பக்கம் அவர் தலையை எப்படி வாசிப்பது என்று இரண்டு பேர் கையை நீட்டி நீட்டிச் சண்டை பிடித்தோம். எனக்கு மிட்கோ வெல்ல வேண்டும் போலிருந்தது. என் பக்கத்து வாதத்தை ஒவ்வொன்றாக அவன் உடைத்துப் போட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் என்னால் வாதத்தை விட முடியவில்லை.

அண்ணை உள்ளே வந்தார். மிட்கோ ஓடிப்போய் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டான். அண்ணை அவனுக்குப் பல்கேரிய மொழியில் ஒரு சொல் சொன்னார். பிறகு எனக்குத் தமிழில்.

"தெரியாதாம்."

முகாமில் இருந்து ஊர்க்காரர் ஒருவர் எடுத்திருந்தார். சண்டைக்குள் இருந்து தப்பி, களப்புத் தண்ணீரைக் கடக்கும் இடம் வரை தங்கச்சி தங்களோடு வந்தாள் என்றார். அக்கரையில் ஏறிப் பார்த்தபோது பக்கத்தில் காணவில்லை. கண்டவரும் இல்லை. காயப்பட்டாள் என்று சொன்னவரும் இல்லை. "கண்டனியளோ, கண்டனியளோ எண்டு கேட்டன். ஒண்டும் சொல்லுறாரில்லை. என்ரை தலை ஏன் ஆடினதெண்டு எனக்கே தெரியேல்லை," என்றார். பிறகு பிளேட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாணுக்குக் கோடு கீறத் தொடங்கினார். மூன்று சரிந்த கோடு. பிழையில்லாமல்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மேசையில் தூவிய மா தூவியபடியே கிடந்தது. அண்ணை இடைவேளைக்கு வருவார், போனை முன்னால் வைத்துக்கொண்டு பாணைத் தின்பார், போவார். அன்ரி மேலே இருந்து மீன்குழம்பு அனுப்பினார். கோப்பை கழுவித் திரும்பிப் போனது. குழம்பை நான்தான் சாப்பிட்டேன். வீட்டில் அவர் அறையில் சத்தமே இல்லை. டான்யூப்பை யாரும் கடக்கவில்லை. அந்தப் பேச்சு இல்லாத பேஸ்மென்றில் தண்ணீர் சூடாக்கும் தொட்டி மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

மிட்கோவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் கையைக் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு, அண்ணையின் முன்னால் வந்து நின்று, ஏதோ சடங்கு செய்கிறவன் மாதிரி மெதுவாகப் பல்கேரிய மொழியில் சொன்னான். சொல்லிவிட்டு எனக்கும் ஆங்கிலத்தில் சொன்னான்: "நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பல்கர்கள் துருக்கி இனம்தான்."

அந்த வசனம் அவன் வாயில் வருவதற்கு அவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும். அண்ணை பிளேட்டை மேசையில் வைத்தார். எழும்பினார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தொழிற்சாலை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி மிட்கோவின் மொழியில் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே தம்பி! எனக்கு இரக்கப்பட்டு ஒரு இனத்தையே பிச்சை போடுறான்! ஆரிட்டக் கேட்டவன்? நான் கேட்டனானோ? நாளைக்கு ஆரோட நான் கதைக்கிறது?"

மிட்கோ அடுப்புக்குப் போய் அதன் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய ஆள், முதுகு மட்டும் சின்னதாகத் தெரிந்தது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சொல்லித் தந்தவர் யாருமில்லை. செத்த வீடுகளில்கூட நான் கதிரை அடுக்கப் போய்விடுவேன். ஆனால் அடுத்த நாள் காலை பஸ்ஸில், அண்ணை பக்கத்தில் இருந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன்.

"அண்ணை, யோசிச்சுப் பாத்தன். அந்தக் குதிரைக்காரன் ஈரானியன்தான் போல."

அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"சிங்கம் இருக்கே அண்ணை. புல்வெளியில எங்க சிங்கம்? சிங்கத்தைக் காணாதவன் எப்பிடிச் சிங்கத்தை வெட்டுவான்?"

அவர் தலை கொஞ்சம் திரும்பியது. "ஆர் சொன்னது உமக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை யோசினை."

"உம்மட யோசினையோ," என்றார். இன்னும் ஒரு தரிப்பிடம் போனது. "எங்கட கோயில் கோபுரத்தில யாளி நிக்குதெல்லோ? செதுக்கின ஆசாரி யாளியைக் கண்டவரோ?"

"அப்ப பாரசீக வெள்ளித் தட்டுகள்?"

"தட்டுக் கதையை விடும்! குதிரைக்காரனின்ரை கால் எங்க நிக்குது சொல்லும் பாப்பம். காலைப் பாத்தனீரோ? சேணத்தில தொங்குற வளையத்தில நிக்குது. அந்த வளையம் ஆர் கொண்டுவந்தது? புல்வெளிக்காரன்!"

"அதுக்காகத் துருக்கி எண்டு ஆகுமோ? ஈரானியனும் புல்வெளியில இருந்தவன்தானே?"

அவர் இருக்கையில் முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முன்னால் இருந்த கிழவி ஒருத்தி பையை அணைத்துக்கொண்டு வேறிடம் போனாள். இறங்க வேண்டிய தரிப்பிடத்தில் நாங்கள் இறங்கவில்லை. பஸ் கடைசி நிலையத்துக்குப் போய் நின்றது. சாரதி எங்களை இறங்கச் சொன்னான். அங்கே நின்றும் கதைத்தோம். நான் சொன்னதில் பாதி மிட்கோவிடம் கேட்டது, மிச்சப் பாதி அந்த இடத்திலேயே கட்டியது. அண்ணை எல்லாவற்றையும் உடைத்தார். வேலைக்குப் பிந்திப் போய் சூப்பவைசரிடம் ஏச்சு வாங்கினோம். மிட்கோ ஏன் பிந்தியது என்று கேட்டபோது அண்ணை என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். மிட்கோ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அவன் மேசையில் மாவைத் தூவி, மெதுவாக, பயந்து பயந்து, ஒரு குதிரையின் முதுகைக் கீறினான். அண்ணை அதை அழித்தார்.

எனக்கு ஒரு இடத்தில் நிலைத்து நிற்கத் தெரியாது. அந்தப் பனிக்காலம் வர முன்பே ஒஷாவாவுக்குப் போய் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தேன். பிறகு மேற்கே போனேன், திரும்பி வந்தேன், திரும்பவும் போனேன். மிட்கோ ஓய்வெடுத்துக்கொண்டு மகளோடு போய்விட்டான். அன்ரி வீட்டை விற்றுவிட்டு மார்க்கம் பக்கம் போனார். பல்கர் அண்ணை மல்வேர்னிலேயே வேறொரு பேஸ்மென்றில் இருக்கிறார். தங்கச்சியைப் பற்றி இன்று வரை ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறாள் என்று சொல்லவும் யாருமில்லை, இல்லை என்று சொல்லவும் யாருமில்லை. அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

பல்கர்கள் துருக்கியரா, ஈரானியரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையுமில்லை. ஆனால் எந்த ஊரில் நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். சுகமா என்று கேட்கமாட்டேன். போன் எடுபட்ட சத்தம் கேட்டதும், "அண்ணை, ஈரான்தான்" என்பேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு உள்ளே இழுபடும். ஆள் இருக்கிறார்.